கம்பியா, தங்கூசியா?

பிள்ளை பெற்ற வீட்டில் சுறாப் புட்டு மணக்கும். தாய்க்குப் பால் ஊறும் என்பது நம் கடற்கரை நம்பிக்கை. ஆழ்கடலில் இருக்கும் பெருங்கண் த்ரெஷர் சுறாவும் குட்டி போடும் தாய்தான். பெண் சுறா பருவத்துக்கு வரப் பத்தாண்டுக்கு மேலாகும். ஈற்றுக்குப் பெரும்பாலும் இரண்டே குட்டி. லட்சக்கணக்கில் முட்டையிடும் சூரைக்காகப் போடும் ஆயிரங்கால் தூண்டிலில்தான் இதுவும் மாட்டிக்கொள்கிறது.

பல கிலோமீட்டர் நீளும் தாய்க்கயிறு; அதில் தொங்கும் நூற்றுக்கணக்கான கிளைக்கயிறுகள்; நுனிதோறும் இரை கோத்த தூண்டில். பல சுறாக்களுக்கு நீந்தினால்தான் செவுளில் நீர் பாயும். கட்டுண்டு கிடந்தால், கயிற்றை இழுப்பதற்குள் மூச்சுமுட்டிச் சாகும். அதே தூண்டிலில் மாட்டும் விலைபோகாத திருக்கையைப் பொறுமையாகக் கழற்ற நேரமில்லாத படகில், வெடுக்கென்று இழுத்துவிடுவார்கள். தாடை கிழிந்து கடலில் விழும். நீந்திப் போவதைப் பார்த்தால் பிழைத்துக்கொண்டது போலிருக்கும். கிழிந்த வாயோடு அது எதைத் தின்னும்?

1970-க்குப் பிறகு பெருங்கடல் சுறாக்களும் திருக்கைகளும் 71 சதவீதம் குறைந்துவிட்டதாக 2021-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு சொல்கிறது.

தூண்டிலை ஒட்டிய கயிற்றுத்துண்டு கம்பியாக இருந்தால் சுறாவால் அறுக்க முடியாது. நைலான் இழையான தங்கூசியாக இருந்தால் கடித்து அறுத்துக்கொண்டு ஓடும். தூண்டில் வாயில் தங்கினாலும் உயிர் மிஞ்ச வழியுண்டு. சூரைக்குக் கம்பி தேவையே இல்லை. மேற்கு, மத்திய பசிபிக் மீன்வள ஆணையம் நிலநடுக்கோட்டின் இருபுறமும் 20 பாகை வரை, சூரைத் தூண்டிலில் கம்பி கட்டுவதை 2024 முதல் தடுத்துவிட்டது.

இன்னொரு வழியும் உண்டு. சுறாவின் மூக்கைச் சுற்றி மின்துடிப்பை உணரும் நுண்துளைகள் இருக்கின்றன. 2021 கோடையில் தென் பிரான்ஸ் கடலில், தூண்டிலருகே மின்துடிப்பு விடும் சிறு கருவியை மாட்டிப் பார்த்தார்கள். நீலச் சுறா மாட்டுவது 91 சதவீதமும், ஆழ்கடல் திருக்கை மாட்டுவது 71 சதவீதமும் குறைந்தன. ஆனால் தூண்டில்தோறும் கருவி மாட்டுவது சிறு படகுக்காரரின் கைக்கு எட்டாத செலவு.

சுறாப் பிடிப்புக்குப் பேர்போன நம் குமரி மாவட்டத் தூத்தூர்க் கடலோடிகளுக்குச் சுறா வேண்டாத மீனல்ல. அடுப்பெரிய வைக்கும் வருமானம். விட்டுவிடு என்று அவர்களிடம் சொல்கிறவர்கள், விட்டதற்கு ஈடு என்ன என்பதையும் சொல்லியாக வேண்டும். சூரைக்கு மட்டுமே போகும் படகுகளுக்கு அந்தச் சங்கடம் இல்லை. கம்பியை அவிழ்த்துத் தங்கூசி கட்டச் சில நாள் கரைவேலை போதும். ஒரு சுறா தாயாகப் பத்தாண்டுக்கு மேல் வேண்டும்.