கடற்கரையில் ஒரு வெள்ளைக் குதிரை

சோகத்தைச் சித்திரிப்பது சுலபம்; சந்தோஷத்தைச் சித்திரிப்பதுதான் கஷ்டம். ஒரு துளிக் கண்ணீரை எழுதிவிட்டால் போதும், பார்க்கிறவர்கள் மனம் இளகிவிடும். ஆனால், சிரித்த முகங்களைப் பத்துப் பன்னிரண்டு வரிசையாக எழுதி வைத்தாலும், பார்க்கிறவர்களுக்குச் சந்தோஷம் உண்டாகும் என்று சொல்வதற்கில்லை. பற்பசை விளம்பரம் ஞாபகத்துக்கு வந்தாலும் வரலாம்!

இந்தக் கஷ்டமான காரியத்தைச் சாதித்தவர் ஸ்பெயின் தேசத்துச் சித்திரக்காரர் ஹோவாகீன் ஸொரோல்யா. மத்தியதரைக் கடலோரத்தில் உள்ள வலென்ஸியா நகரில் 1863-ஆம் வருஷம் பிறந்தவர். அந்த ஊர்க் கடற்கரையில் 1909-ஆம் வருஷக் கோடையில் அவர் எழுதிய படம் ஒன்றுக்குக் 'குதிரையின் ஸ்நானம்' என்று பெயர். 'வெள்ளைக் குதிரை' என்றும் சொல்வார்கள்.

படத்தில் இருப்பது அதிகமில்லை. கடலில் குளித்துவிட்டு ஒரு வெள்ளைக் குதிரை கரையேறுகிறது. உடம்பில் துணியில்லாத ஒரு சிறுவன் அதன் கடிவாளத்தைப் பிடித்து அழைத்து வருகிறான். அவ்வளவுதான். ஆயினும், பார்த்த மாத்திரத்தில் நமக்கே கடலில் குளித்து எழுந்தாற்போன்ற ஓர் உற்சாகம் பிறக்கிறது. அந்த உற்சாகம் எங்கே இருக்கிறது? நனைந்த தோலிலும் ஈர மணலிலும் பட்டுத் தெறிக்கும் வெயிலில் இருக்கிறது.

'வெள்ளை' என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஸொரோல்யாவின் கண்ணுக்கு அது ஒரு வர்ணமல்ல. வெயில் பட்ட இடத்தில் வெள்ளையில் மஞ்சள் கலந்திருக்கும். நிழல் விழுந்த இடத்தில் நீலமும் ஊதாவும் ஓடும். அவருடைய படங்களில் நிழல்கூட இருட்டாக இராது. ஒளியைத் தீட்டும் ரகசியம் பாதிக்கு மேல் நிழலைத் தீட்டுவதில் இருக்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

இதெல்லாம் அறைக்குள் உட்கார்ந்து செய்த வேலையல்ல. இரண்டு மீட்டர் உயரம், இரண்டரை மீட்டர் அகலம் உள்ள அந்தத் துணியைக் கடற்கரையில் நிறுத்தி வைத்து எழுதுவதென்றால் சாமானியமா? காற்று அதைக் கப்பற்பாய் என்று நினைத்துக்கொள்ளும். மணல் பறந்து வந்து ஈர வர்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அவருடைய கடற்கரைப் படங்கள் சிலவற்றில் வர்ணத்தோடு வர்ணமாக மணல் துகள்கள் பதிந்திருப்பதைப் பிற்காலத்து நிபுணர்கள் கண்டிருக்கிறார்கள். சூரியனோ யாருக்காகவும் காத்திருப்பதில்லை. ஆகையால் கை மின்னல் வேகத்தில் ஓட வேண்டியிருந்தது.

"கவலையறியாத மனிதர் போலும்! அதனால்தான் இவ்வளவு குதூகலம்" என்று நேயர்கள் நினைக்கலாம். அவருக்கு இரண்டு வயதாயிருக்கும்போது, 1865-இல், தாயும் தந்தையும் காலராவுக்குப் பலியானார்கள். பூட்டு வேலை செய்து பிழைத்த சித்தப்பாவும் சின்னம்மாவும் அவரையும் அவருடைய தங்கையையும் வளர்த்தார்கள்.

அதே வலென்ஸியாக் கடற்கரையில் 1899-இல் அவர் வேறொரு படம் எழுதினார். கால் ஊனமுற்ற சிறுவர்கள், கைத்தடிகளை ஊன்றிக்கொண்டு, கறுப்பு அங்கி அணிந்த ஒரு பாதிரியாரின் துணையுடன் கடலில் குளிக்க இறங்குகிறார்கள். 'துயரமான பிதுரார்ஜிதம்' என்பது அதன் பெயர். 1900-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அவருக்கு மகத்தான பரிசு கிடைத்தது. அவ்வழியிலேயே போயிருந்தால் புகழுக்குக் குறைவிருந்திராது. ஆனால் அதன் பிறகு அவர் தூரிகை பெரும்பாலும் ஆனந்தத்தையே நாடிற்று. துக்கத்தை அறியாதவர் எழுதிய ஆனந்தமல்ல அது, அறிந்தபின் எழுதியது.

உழைப்பையும் அவர் மறக்கவில்லை. 1894-இல் எழுதிய படத்திலும் 1903-இல் எழுதிய படத்திலும் காளைகள் கடல்நீரில் நின்று மீன்பிடி படகைக் கரைக்கு இழுக்கின்றன. செம்படவர்களுக்கு அவை வீட்டு மனிதர்கள் மாதிரி. படத்திலும் அவற்றுக்குச் சரிசமமான இடம்.

1909-ஆம் வருஷ ஆரம்பத்தில், நல்ல குளிர்காலத்தில், நியூயார்க்கில் அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். ஒரு மாதத்துக்குள் சுமார் 1,60,000 ஜனங்கள் வந்து பார்த்தார்கள். குளிரில் நடுங்கியவர்களுக்கு அந்தச் சித்திரக்காரர் வெயிலைக் கொண்டுவந்து கொடுத்தார்!

1920-இல், மாட்ரிட் நகரத்துத் தம் வீட்டுத் தோட்டத்தில் படம் எழுதிக்கொண்டிருக்கையில் பக்கவாதம் தாக்கிற்று. பிறகு அவரால் எழுத முடியவில்லை. 1923-இல் காலமானார். மனைவி க்ளோடில்டே அந்த வீட்டைத் தேசத்துக்கே எழுதி வைத்தார். 1932 முதல் அது பொருட்காட்சிசாலையாக விளங்குகிறது. வெள்ளைக் குதிரையும் அங்கேதான் இருக்கிறது.

நம் வீட்டுக் குழந்தைகளும் கடற்கரையை எழுதுகிறார்கள். கடலுக்கு ஒரு நீலம், மணலுக்கு ஒரு மஞ்சள் என்று பூசிவிட்டு, "முடிந்துவிட்டது!" என்று எழுந்து ஓடுகிறார்கள். அவர்களைத் திருத்த வேண்டாம். ஒரு நாள் மாலை கடற்கரைக்கு அழைத்துச் சென்று, ஈர மணலில் தங்கள் நிழல் என்ன நிறம் என்று கேட்டுப் பார்ப்போம். பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆகும். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் சித்திரம் ஆரம்பமாகிறது.