சூடு எங்கே போயிற்று?

கெட்டில் மூடி ஆவியில் குதிப்பதைப் பார்த்து ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தார் என்று சிறுவயதில் கேட்டிருப்போம். வாட் பிறந்தது 1736-ல். அதற்கு 24 ஆண்டுகள் முன்பே, 1712-ல், தாமஸ் நியூகொமென் உருவாக்கிய எஞ்சின் இங்கிலாந்தில் டட்லிக்கு அருகே நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. வாட்டின் பெருமை வேறு.

1763-64 குளிர்காலத்தில், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்துவந்த வாட்டிடம் நியூகொமென் எஞ்சினின் சிறு மாதிரி ஒன்று பழுதுபார்க்க வந்தது. சரிசெய்த பிறகும் அது சில முறை ஏறி இறங்கிவிட்டு நின்றுபோனது. ஆவி போதவில்லை. ஏன்?

அந்த எஞ்சினில் சிலிண்டருக்குள் ஆவி நிறைந்ததும் குளிர்ந்த நீரைப் பீய்ச்சுவார்கள். ஆவி நீராகச் சுருங்க, உள்ளே வெற்றிடம் உண்டாகும்; வெளிக்காற்று பிஸ்டனைக் கீழே அழுத்தும். கூடவே சிலிண்டரும் குளிர்ந்துவிடும். அடுத்து வரும் ஆவியில் பெரும்பகுதி அதை மறுபடி சூடாக்கவே செலவாகும். ஒவ்வொரு தோசைக்கும் கல்லைத் தண்ணீரில் முக்கியெடுத்து அடுப்பில் ஏற்றினால் விறகு என்ன ஆகும்? அதே கதைதான். வாட் இதை ஊகத்தில் விடவில்லை, அளந்தார். ஆவி தன் எடையைப் போல் ஆறு மடங்கு குளிர்நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்தது. இவ்வளவு வெப்பம் ஆவிக்குள் எப்படி ஒளிந்திருக்கிறது? உள்ளுறை வெப்பத்தைக் கண்டறிந்திருந்த பேராசிரியர் ஜோசப் பிளாக் விளக்கம் தந்தார்.

1765-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளாஸ்கோ கிரீன் புல்வெளியில் நடந்துகொண்டிருந்தபோது விடை பிடிபட்டது: சிலிண்டர் எப்போதும் சூடாகவே இருக்கட்டும், ஆவியைக் குளிர்விக்கத் தனியாக ஒரு பாத்திரம் வைப்போம். மருத்துவர்களின் பித்தளைப் பீச்சுக்குழல் ஒன்றையே சிலிண்டராக்கிச் சோதித்தார். பலித்தது.

1769-ல் காப்புரிமை கிடைத்தும் பெரிய எஞ்சின் எளிதில் கைகூடவில்லை. சிலிண்டர் உட்புறம் சீரான வட்டமாக இல்லாததால் பிஸ்டனின் ஓரமாக ஆவி கசிந்தது. பீரங்கிக் குழாய் குடைவதில் கைதேர்ந்த ஜான் வில்கின்சனின் இயந்திரம்தான் அந்தக் குறையைத் தீர்த்தது. அவரை மறந்துவிட்டு வாட்டை மட்டும் புகழ்வது நியாயமில்லை.

1776-ல் புதிய எஞ்சின்கள் வேலைக்கு வந்தன. கரிச் செலவு பழையதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்காகக் குறைந்தது. கரியைக் கடல் வழியே வரவழைக்க வேண்டியிருந்த கார்ன்வால் சுரங்கங்களுக்கு இது பெரிய வரம். மிச்சமான கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கையே வாட்டும் அவருடைய கூட்டாளி மேத்யூ போல்டனும் கட்டணமாக வாங்கினார்கள்.

வாட் பழுதுபார்த்த அந்தச் சிறு மாதிரி இன்றும் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஹன்டேரியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.