எக்ஸிமா ஏன் சிலரை அதிகம் வாட்டுகிறது?

மனித உடலின் மிகப் பெரிய உறுப்பு தோல். வெயில், தூசு, கிருமி ஆகியவற்றிலிருந்து உடலைக் காக்கும் கவசமாக அது விளங்குகிறது. அந்தக் கவசம் வலுவிழக்கும்போது தோன்றும் நோய்களுள் ஒன்றுதான் எக்ஸிமா எனப்படும் தோல் அழற்சி. தோல் வறண்டு, சிவந்து, தாங்க முடியாத அரிப்பை உண்டாக்குவது இந்நோயின் இயல்பு. பெரும்பாலும் ஐந்து வயதுக்கு முன்பே இது தலைகாட்டுகிறது. சிங்கப்பூரில் பள்ளி செல்லும் பிள்ளைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்நோய் உள்ளது.

ஆயினும், எல்லாரையும் இந்நோய் ஒரே அளவில் தாக்குவதில்லை. ஒருவருக்கு முழங்கை மடிப்பில் சிறு தடிப்பாகத் தோன்றி மறைந்துவிடுகிறது. மற்றொருவருக்கோ கழுத்து, கை, கால் எங்கும் பரவி, இரவுத் தூக்கத்தையே பறித்துவிடுகிறது. ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் தம்பியரிடையேகூட இந்த வேறுபாட்டைக் காணலாம். இதற்குக் காரணம் என்ன?

நோயின் கடுமையை அளவிட மருத்துவர்கள் சில அளவுகோல்களைப் பயன்படுத்துகின்றனர். அவற்றுள் ஒன்று, 1993ஆம் ஆண்டில் ஐரோப்பிய மருத்துவர்கள் உருவாக்கிய ‘ஸ்கோராட்’ என்னும் முறை. தோலில் எவ்வளவு பரப்பு பாதிக்கப்பட்டுள்ளது, எந்த அளவிற்குச் சிவந்தும் தடித்தும் உள்ளது என்பவற்றை மட்டும் அது பார்ப்பதில்லை. அரிப்பு எவ்வளவு, தூக்கம் எவ்வளவு கெட்டது என்பவற்றையும் சேர்த்தே கணக்கிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத துன்பமும் நோயின் ஒரு பகுதியே என்பதை இது உணர்த்துகிறது.

கடுமையைத் தீர்மானிக்கும் காரணங்களுள் முதன்மையானது மரபணு. தோலின் மேலடுக்கைச் செங்கற்சுவருக்கு ஒப்பிடலாம். தோலணுக்கள் செங்கற்கள், அவற்றுக்கிடையே உள்ள கொழுப்புப் பொருள்கள் சாந்து. இந்தச் சுவர் உறுதியாக அமைய ‘ஃபிலாக்ரின்’ என்னும் புரதம் உதவுகிறது. இப்புரதத்தை உருவாக்கும் மரபணுவில் ஏற்படும் குறைபாட்டுக்கும் எக்ஸிமாவுக்கும் தொடர்பு உண்டு என்பதை 2006ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களுடன் இணைந்து பணியாற்றியவர்களும் வெளிப்படுத்தினர். சுவரில் விரிசல் விழுந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும். வெளியிலிருக்கும் தூசும் கிருமியும் உள்ளே நுழையும். இக்குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு நோய் சிறு வயதிலேயே தொடங்கி, நீண்ட காலம் நீடிப்பதுண்டு. எனினும், குறைபாடு உள்ள எல்லாருக்கும் எக்ஸிமா வருவதில்லை. எக்ஸிமா உள்ள எல்லாருக்கும் இக்குறைபாடு இருப்பதுமில்லை. எனவே, மரபணு ஒன்றே எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை.

இரண்டாவது காரணம், சொறிதல். அரிக்கும்போது சொறிந்தால் அப்போதைக்கு இதமாக இருக்கும். ஆனால், நகம் பட்டுத் தோல் மேலும் கிழிகிறது. கிழிந்த தோல் வீங்கி, முன்னைவிட அதிகமாக அரிக்கிறது. இவ்வாறு அரிப்பும் சொறிதலும் ஒன்றையொன்று வளர்க்கும் சுழலாக மாறிவிடுகின்றன. புண்ணான தோலில் ‘ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ்’ என்னும் நுண்ணுயிர் எளிதில் பெருகுகிறது. அது வெளியிடும் நச்சுப்பொருள் அழற்சியை மேலும் தூண்டிவிடுகிறது. எனவேதான், “சொறியாதே!” என்று அதட்டுவதால் மட்டும் பயன் விளைவதில்லை. அரிப்பைத் தணித்தால்தான் சொறிதல் நிற்கும். நகங்களைக் குட்டையாக வெட்டி வைப்பது பாதிப்பைக் குறைக்கும்.

சுற்றுச்சூழலும் நோயின் போக்கை மாற்றவல்லது. ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளில் வியர்வை தவிர்க்க முடியாதது. வியர்வையிலுள்ள உப்பு, விரிசல் விட்ட தோலில் எரிச்சலை உண்டாக்குகிறது. உடற்கல்விப் பாடத்திற்குப் பிறகும் இணைப்பாட நடவடிக்கைக்குப் பிறகும் சில மாணவர்களுக்கு அரிப்பு கூடுவது இதனால்தான். அதற்காக அவர்கள் விளையாட்டையே விட்டுவிட வேண்டியதில்லை. விளையாடி முடித்ததும் வியர்வையைக் கழுவித் துடைத்து, காற்றோட்டமான பருத்தி உடைக்கு மாறினாலே பெரும் வேறுபாடு தெரியும். மறுபுறம், குளிர்சாதன அறையில் நெடுநேரம் இருந்தால் தோல் வறண்டுவிடுகிறது. மெத்தையிலும் தலையணையிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசுப்பூச்சிகள், உதிர்ந்த தோல் துகள்களை உண்டு பெருகுகின்றன. அவற்றுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு நோய் முற்றக்கூடும். படுக்கை விரிப்புகளை வாரந்தோறும் 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைத்தால் அப்பூச்சிகள் மடியும். புகைமூட்டக் காலத்தில் காற்றில் மிதக்கும் நுண்துகள்களும் தோலை உறுத்துகின்றன.

உணவைப் பற்றிப் பல தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. பிள்ளைக்குத் தோல் அரித்தவுடன், முட்டை, பால், மீன், கத்தரிக்காய் என ஒவ்வொன்றாக நிறுத்திவிடும் பெற்றோர் உண்டு. சிறு குழந்தைகள் சிலருக்கு, குறிப்பாக நோய் கடுமையாக உள்ளவர்களுக்கு, முட்டையோ பசும்பாலோ நிலக்கடலையோ ஒவ்வாமையை உண்டாக்குவது உண்மைதான். ஆனால், எல்லாருக்கும் அவ்வாறு நேர்வதில்லை. சோதித்துப் பார்க்காமல் சத்துள்ள உணவுகளை விலக்கினால், நோய் குறையாமல் பிள்ளையின் வளர்ச்சி மட்டுமே குன்றக்கூடும். எதை விலக்க வேண்டும் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

முறையான சிகிச்சை கிடைக்கிறதா என்பதும் நோயின் கடுமையைத் தீர்மானிக்கிறது. வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் குளித்து, ஈரம் காய்வதற்குள் ஈரப்பசைக் களிம்பைப் பூசுவது அன்றாடப் பராமரிப்பின் அடிப்படை. அழற்சி மிகும்போது மருத்துவர்கள் ஸ்டீராய்டு களிம்பைப் பரிந்துரைப்பர். அதன் பெயரைக் கேட்டதும் அஞ்சி, மருந்தைப் பாதியிலேயே நிறுத்துவோர் பலர். வலிமை மிக்க களிம்பை மருத்துவர் சொன்னதைவிட அதிக நாள் பூசினால் தோல் மெலியக்கூடும் என்பது உண்மையே. ஆனால், அவர் சொன்ன அளவிலும் காலத்திலும் பயன்படுத்தினால் அது பாதுகாப்பானது. மருந்தின்றி விடப்படும் அழற்சியோ நாளுக்கு நாள் முற்றுகிறது. வீட்டு வைத்தியமாக மஞ்சளையும் வேப்பிலையையும் அரைத்துப் பூசும் வழக்கம் தமிழ்க் குடும்பங்களில் உண்டு. புண்ணான தோலில் எதைப் பூசுவதாயினும் முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இறுதியாக, மனநிலை. தேர்வு நெருங்கும்போது சிலருக்கு அரிப்பு அதிகரிக்கிறது. மன அழுத்தம் அரிப்பைத் தூண்டுகிறது. அரிப்பு தூக்கத்தைக் கெடுக்கிறது. தூக்கமின்மை மறுநாள் படிப்பைப் பாதித்து, மன அழுத்தத்தை மேலும் கூட்டுகிறது. பள்ளியில் கேலிக்கு ஆளாகும் மாணவரின் நிலை இன்னும் கொடியது. பேச்சு வழக்கில் எக்ஸிமாவையும் சிலர் ‘சொறி’, ‘சிரங்கு’ என்றே குறிப்பிடுகின்றனர். சிறு பூச்சிகள் தோலுக்குள் புகுவதால் வரும் சொறிநோய் மற்றவர்களுக்குத் தொற்றக்கூடியது. எக்ஸிமாவோ தொற்றுநோய் அன்று. அதைக் கொண்ட ஒருவரின் கையைப் பிடிப்பதாலோ அவருடன் சேர்ந்து நீந்துவதாலோ அது பரவாது. இந்த வேறுபாட்டை அறியாததால், எத்தனையோ பிள்ளைகள் வகுப்பில் தனித்து உட்கார வைக்கப்படுகின்றனர். வெயிலிலும் நீண்ட கைச்சட்டையால் தங்கள் தோலை மறைத்துக்கொள்கின்றனர். அதனால் மேலும் வியர்த்து, மேலும் அரிக்கிறது.

எக்ஸிமாவின் கடுமைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் மரபணுவை மாற்ற இயலாது. ஆனால், படுக்கையின் தூய்மை, வியர்வையைக் கழுவும் பழக்கம், களிம்பை முறையாகப் பூசுதல் ஆகியவை குடும்பத்தின் கையில் உள்ளன. கேலியை நிறுத்துவது வகுப்பிலுள்ள ஒவ்வொருவரின் கையிலும் உள்ளது. வளர வளரப் பலருக்கு இந்நோய் தணிந்துவிடுகிறது. அதுவரை அவர்கள் சுமக்கும் துன்பத்தின் அளவு, நோயை மட்டுமன்றிச் சுற்றியிருப்போர் நடந்துகொள்ளும் விதத்தையும் பொறுத்தே அமைகிறது.