கமலா ஆரஞ்சுத் தோலும் நெஞ்செரிச்சலும்

சேர்வராயன் மலையில் விளையும் கமலா ஆரஞ்சைத் தின்றுவிட்டுத் தோலை எறிந்துவிடுகிறோம். சீன வைத்தியத்தில் இதே இனப் பழத்தின் தோல்தான் மருந்து. குவாங்டாங் மாகாணத்து சின்ஹுய் பகுதியில் அதை உலர்த்தி, 3 ஆண்டுகளாவது பழையதாக்கி, 'சென்பி' என்று விற்கிறார்கள். உப்புசம், குமட்டல், எதுக்களிப்பு என்றால் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள். ஆனால் நெஞ்செரிச்சலை அது குணமாக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. தோலில் பூச்சிமருந்து இருந்தால் அது வேறு வம்பு! பழத்தின் புளிப்பும் காப்பியும் சிலருக்கு எரிச்சலைக் கூட்டும். இரவு சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் படுங்கள்; தலைமாட்டை உயர்த்திக்கொள்ளுங்கள். விழுங்கச் சிரமம், கறுப்பு மலம், காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால் கஷாயத்தை நம்பாமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.