பெயின்ட்டுக்கு அடியில் ஓடும் மின்சாரம்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் பானெட்டைத் தூக்கிப் பார்ப்பார்கள். விவரம் தெரிந்த டிங்கர் அப்படிச் செய்ய மாட்டார். வண்டியின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சின்னக் காந்தம் ஒன்றைக் கதவின் அடிப்பகுதியில் வைத்து நகர்த்திக்கொண்டே போவார். தகடு இருக்கிற இடத்தில் காந்தம் ஒட்டும். தகடு போய் வெறும் பட்டி மட்டும் நிற்கிற இடத்தில் தரையில் விழும். பிறகு காலடி விரிப்பை விலக்கி ஸ்க்ரூ டிரைவரால் தளத்தை அங்கங்கே குத்திப் பார்ப்பார். இன்ஜின் அவருக்கு இரண்டாம் பட்சம்தான். பிஸ்டனையும் பேரிங்கையும் மாற்றி எந்த இன்ஜினையும் ஓட வைத்துவிடலாம், உளுத்த பாடிதான் ஆளைக் கவிழ்க்கும்.

வீட்டில் வைத்துச் செப்பனிட ஆசைப்படுகிறவர்களுக்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நல்ல பாடம். 1961 முதல் சென்னையில் தயாரான வண்டி. மூலம் இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு, வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலாட்டி. இதன் பாடி ஒரே கூடாக வார்த்தெடுத்தது போல வருவதில்லை. 1953ல், டிரையம்ஃப் தயாரிப்பாளர்களுக்குப் பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தைப் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே இடத்தில் செய்து தர ஆள் இல்லாமல் போகவே, துண்டு துண்டாகச் செய்து தனிச் சேஸிஸ் மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். கதவுக்குக் கீழே ஓடும் பலகையைக்கூடக் கழற்றி மாட்டலாம். வீட்டு வாசலில் நிறுத்திப் பிரித்துப் போட இதைவிடத் தோதான வண்டி கிடைக்காது. ஆனால் இணைப்புகள் கூடக்கூட இடுக்குகளும் கூடும். துருவுக்குப் பிடித்த இடமே இடுக்குதான்.

ஏன் என்று கேட்டால் விடை ஒரு சொட்டு உப்புத் தண்ணீரில் இருக்கிறது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த யூலிக் எவன்ஸ் 1920களில் செய்துகாட்டிய சோதனை இது. சுத்தமான இரும்புத் தகட்டின் மேல், நிறம் மாறும் இரண்டு ரசாயனங்களைக் கலந்த உப்பு நீரை ஒரு சொட்டு விட்டால், கொஞ்ச நேரத்தில் சொட்டின் நடுப்பகுதி நீலமாகும், விளிம்பு இளஞ்சிவப்பாகும். நீலம் என்றால் அங்கே இரும்பு கரைந்து நீரில் இறங்குகிறது. இளஞ்சிவப்பு என்றால் அங்கே காற்றின் ஆக்சிஜன், இரும்பிலிருந்து வரும் எலெக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு காரமாகிறது. இரண்டுக்கும் நடுவே தகட்டின் வழியாக மின்சாரம் ஓடுகிறது. கரைந்த இரும்பும் விளிம்பிலிருந்து வரும் காரமும் சந்திக்கிற வளையத்தில்தான் பழுப்பு நிறத் துரு படிகிறது.

ஆக, ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கிற விளிம்பு தப்பித்துக்கொள்கிறது. ஆக்சிஜன் எட்டாத நடுப்பகுதிதான் அரிபடுகிறது. நம் கண்ணுக்குத் துரு தெரிகிற இடம் வேறு, இரும்பு கரைகிற இடம் வேறு. காரில் துரு விஷயமாக நடக்கிற முக்கால்வாசித் தப்புகளுக்கு இந்த ஒரு உண்மை தெரியாததே காரணம் என்பேன். இரண்டு தகடுகள் சேரும் மடிப்புக்குள், ரப்பர் பீடிங்குக்கு அடியில், கீறலை ஒட்டிய பெயின்ட்டுக்குக் கீழே நடப்பதெல்லாம் எவன்ஸின் சொட்டில் நடந்ததுதான். போதாக்குறைக்குத் துரு, கரைந்த இரும்பைப் போல இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பெயின்ட் கொப்புளிக்கிறது, இறுக்கமாக இருந்த மடிப்பு வாய் பிளக்கிறது.

கடற்கரை ஊர்களில் நிலைமை இன்னும் மோசம். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதா உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கசியும். சென்னையின் அதிகாலைகளுக்கு இது பெரிய அளவே இல்லை. மழையே படாமல் ஷெட்டில் நிற்கிற வண்டியும் துருப்பிடிப்பது இதனால்தான். தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடினால் ஈரம் உள்ளேயே தங்கும். மூடாமல் விடுவது மேல். 1953ல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உலோக அரிப்பு ஊருக்கு ஊர் எப்படி மாறுகிறது என்று இந்தியாவுக்கே வரைபடம் போட்டிருக்கிறது. மண்டபம் கடலோரத்தில் உலோகத் தகடுகளை உப்புக் காற்றில் நிறுத்திவைத்தும் சோதித்திருக்கிறார்கள்.

சரி, துருவை எடுப்பது எப்படி? கீல், பிராக்கெட் போன்ற சில்லறைச் சாமான்களுக்கு மின்சாரத்தையே திருப்பிவிடலாம். பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடா. பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ்வைத் துருப்பிடித்த சாமானிலும் பாசிட்டிவ்வைப் பழைய இரும்புத் துண்டிலும் மாட்டி, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிட வேண்டும். சில மணி நேரத்தில் துரு கறுத்துப்போய், பிரஷ் போட்டுத் தேய்த்தால் உதிரும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் திறந்த வெளியில் செய்ய வேண்டும். பாசிட்டிவ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்பூனைத் தொங்கவிடுவது விஷப் பரீட்சை. அதிலிருந்து புற்றுநோய் தரும் வகைக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். கழிப்பறை கழுவும் ஆசிட்டில் ஊறப்போடுவதும் வேண்டாம். துரு நொடியில் போகும், ஆனால் இடுக்கில் தங்கிவிடும் குளோரைடு மறுபடி அதே கதையைத் தொடங்கிவைக்கும்.

வாளியில் அடங்காத பெரிய தகடுகளுக்குக் கடையில் விற்கும் துரு மாற்றி உதவும். பலவற்றில் இருப்பது டானின். உதிரித் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டுப் பூசினால், பழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கருநீலமாகிக் கடைசியில் கறுப்பாக இறுகும். இந்தக் கறுப்பு நமக்குப் புதிதில்லை. ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரிக் கலைஞர்கள், துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு மை எடுப்பார்கள். கடுக்காய் ஏற்றிய துணியில் அந்த மை பட்டதும் கறுக்கும். கடுக்காயின் டானினும் இரும்பும் சேர்ந்து செய்கிற அதே வேலைதான் கார் கதவிலும் நடக்கிறது. ஆனால் பூச்சு தொடுகிற துருவைத்தான் மாற்றும். மடிப்புக்குள் இருக்கிற துருவுக்கு இப்படி ஒரு சங்கதி நடந்ததே தெரியாது.

அதனால் உளுத்த இடத்தை வெட்டித்தான் ஆக வேண்டும், அதுவும் பளபளவென்று நல்ல தகடு தெரிகிறவரை. கையகலக் கொப்புளம் என்று தொடங்கியது முழங்கை நீளத்துக்குப் போகலாம், மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். கிரைண்டரை எடுப்பதற்கு முன் பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே வைக்க வேண்டும். அந்தக் காலப் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், ஆகவே உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும், மாஸ்க்கும் அவசியம். ஒட்டுப்போடும் தகடு 20 கேஜ், ஒரு மில்லிமீட்டர்கூட வராது. ஒரே இழுப்பாக வெல்டிங் அடித்தால் சூட்டில் நெளிந்துவிடும். இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி என்று தாவித் தாவி வைத்து, சூடு ஆறிய பிறகு நடுவே நிரப்புவார்கள். அப்படியும் உப்பிய தகட்டைச் சிறு வட்டமாகச் சிவக்கச் சுட்டு, ஈரத்துணியால் ஒற்றிச் சுருக்குகிற கைவரிசை நம் டிங்கர்களுக்கு உண்டு. இந்த ஒரு வேலையை அவர்களிடம் விட்டுவிடுவதே என் கட்சி.

பட்டி நேராகத் தகட்டின் மேல் உட்காரக் கூடாது. அதிலுள்ள டால்க் பவுடர் ஈரத்தை இழுக்கும். எபாக்சி பிரைமர் அடித்து, அதன் மேல்தான் பட்டி. ரெட் ஆக்சைடு அடித்தாயிற்று என்று மாதக்கணக்கில் வண்டியைப் போட்டுவைப்பவர்கள் உண்டு. அந்தச் சிவப்பே இரும்பு ஆக்சைடுதான், அதாவது துருவின் சொந்தக்காரன். மேலே பெயின்ட் ஏறாதவரை தண்ணீர் அதற்குள் புகுந்துபோகும்.

எல்லோரும் வெளிப்பூச்சுக்குத்தான் பணத்தைக் கொட்டுகிறார்கள், படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட அதுதானே வேண்டும். அதில் கொஞ்சம் எடுத்து உள் இடுக்குகளுக்கு மெழுகு அடிப்பதில் போடலாம். வெல்டிங் அடித்த இடத்தின் பின்பக்கம் பிரைமர் கருகி, இரும்பு அம்மணமாக நிற்கும். நீளக் குழாயால் உள்ளே மெழுகைப் பீய்ச்சினால்தான் அங்கே எட்டும். கதவின் அடியில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் உண்டு. பெயின்ட் அடித்து வந்த வண்டியில் அவை பெரும்பாலும் அடைபட்டிருக்கும். கம்பியால் ஒவ்வொன்றையும் குத்தித் திறந்துவிட்டு, ஜன்னல் கண்ணாடியின் மேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, அது கதவுக்குக் கீழே சொட்டுகிறதா என்று பாருங்கள்.