நஞ்சு நீக்கும் நாற்பது நாட்கள்

ஆளைக் கொல்லும் கொட்டையைக் குழம்பில் இட்டுச் சுவைத்து உண்போர் உண்டென்றால் நம்புவீர்களா?

இந்தோனேசியா, மலேசியா ஆகிய நாடுகளில் வளரும் ஓர் உயர்ந்த மரத்தைத் தாவரவியலார் 'பாஞ்சியம் எடூலே' என்பர். ஜாவா மக்கள் அதன் கொட்டையைக் 'குளுவாக்' என்கின்றனர். பச்சையாக உண்டால் உயிருக்கே ஆபத்து! காரணம், அதிலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜன் சயனைடு. நமது மரவள்ளிக் கிழங்கைப் பச்சையாகத் தின்னக் கூடாது என்பதும் இந்நஞ்சினால்தான்.

இதனைப் போக்குவது எப்படி? முதலில் கொட்டைகளை நன்கு வேக வைக்கின்றனர். பின்பு சாம்பலும் வாழையிலையும் இட்டு மூடி, மண்ணில் சுமார் 40 நாட்கள் புதைத்து வைக்கின்றனர். இந்நஞ்சு நீரில் கரையும். ஏறத்தாழ 26 டிகிரி செல்சியசிலேயே ஆவியாகும். ஆகவே வேகும்போதும் புளிக்கும்போதும் வெளிப்பட்டு, கழுவும்போது நீங்கி விடுகிறது. வெண்ணிறப் பருப்பு கன்னங்கரேலென மாறி விடுகிறது.

கிழக்கு ஜாவாவின் 'ராவோன்' என்னும் மாட்டிறைச்சிச் சாறு கறுப்பாயிருப்பது இதனால்தான். சிங்கப்பூரிலும் மலாக்காவிலும் வாழும் பெரனாக்கன் சீனர், இக்கொட்டையைச் சில நாட்கள் நீரை மாற்றி மாற்றி ஊற வைத்து, புளி சேர்த்த கோழிக் குழம்பில் இடுகின்றனர்.

ஆய்வுக்கூடங்கள் தோன்றுமுன்பே இவ்வழியைக் கண்டவர்கள் பெயரறியாத எளிய மக்கள். அவசரப்பட்டு ஒரு படியை விட்டாலும் உண்பவருக்குக் கேடு. தோழியரே, அடுப்பங்கரையிலும் அறிவியல் உண்டு. அதற்குத் தேவை பொறுமை. பொறுத்தார் பூமி ஆள்வார் அன்றோ!