காஸ் துணியை எண்ணுபவருக்கு என்ன தகுதி?

திருப்பூரில் ஏற்றுமதிக்காகத் தைக்கப்படும் ஒரு குழந்தைச் சட்டை கப்பலேறுவதற்கு முன் அதன் நூலுக்கும் சாயத்துக்கும் அதைத் தைத்தவரின் பணிநேரத்துக்கும் தனித்தனியே சான்று கேட்கப்படுகிறது. ஓகோ-டெக்ஸ், காட்ஸ், எஸ்.ஏ. 8000 என்னும் சான்றுகளின் பெயர்கள் இவ்வூர்ப் பனியன் கம்பெனிகளில் அன்றாடப் பேச்சாகவே ஆகிவிட்டன. ஆனால் அந்தச் சட்டையைத் தைத்த தொழிலாளி குடல்வால் அறுவைக்கோ மகப்பேற்று அறுவைக்கோ மேசையில் படுக்க நேரும்போது, அவருக்கான கருவிகளையும் துணிகளையும் மயக்க மருந்து இயந்திரத்தையும் ஆயத்தப்படுத்துகிறவர் எங்கே பயின்றார், எத்தனை மணிநேரம் பயின்றார், அவருடைய திறமையை யார் சோதித்தார் என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. மருத்துவரின் பட்டமும் பதிவு எண்ணும் வெளிப்படையானவை. செவிலியருக்கு 1947-ஆம் ஆண்டுச் சட்டமும், மருந்தாளுநருக்கு 1948-ஆம் ஆண்டுச் சட்டமும் நாடு முழுவதற்குமான தகுதி வரையறையைத் தந்தன. அறுவை அரங்கின் தொழில்நுட்பப் பணியாளருக்கு அத்தகைய சட்டம் வந்தது 2021-இல்தான்.

பொதுமக்கள் ஆபரேஷன் தியேட்டர் என்று அழைக்கும் அறுவை அரங்கில் அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், செவிலியர் ஆகியோருடன் தியேட்டர் டெக்னீஷியனும் மயக்கவியல் டெக்னீஷியனும் பணியாற்றுகின்றனர். சிறிய மருத்துவமனைகளில் இவ்விரு வேலைகளையும் ஒருவரே பார்ப்பதும் உண்டு. நோயாளியை மேசையில் கிடத்தும் முறையே ஒரு கல்வி: கையை உடலிலிருந்து 90 பாகைக்கு மேல் விலக்கி நெடுநேரம் வைத்தால் தோளின் நரம்புக் கற்றை இழுபட்டு, விழித்தெழுந்த நோயாளியின் கை செயலற்றுப்போகலாம். மின்சாரத்தால் திசுவை வெட்டி இரத்தக் கசிவை நிறுத்தும் டயதெர்மி கருவியின் தகடு, தசைப்பற்றுள்ள உலர்ந்த இடத்தில் முழுவதும் படியும்படி ஒட்டப்படாவிட்டால், அறுவை நடக்கும் இடத்திலிருந்து விலகிய வேறோர் இடத்தில் தோல் தீய்ந்துபோகலாம். ஆக்ஸிஜன் சிலிண்டரில் அழுத்தம் இருக்கிறதா, உறிஞ்சு கருவி இழுக்கிறதா, மூச்சுக்குழாய்க்குள் பார்க்க உதவும் கருவியின் விளக்கு எரிகிறதா என்பவற்றை நோயாளி உள்ளே வருவதற்கு முன்பே பார்த்து முடிப்பவரும் இந்த டெக்னீஷியனே.

இவற்றினும் நுட்பமானது கிருமிநீக்கம். ஆட்டோகிளேவ் எனப்படும் நீராவிக் கலனில் 121 டிகிரி செல்சியஸில் குறைந்தது 15 நிமிடமோ, 134 டிகிரியில் 3 முதல் 4 நிமிடமோ நீராவி பொருளின் ஒவ்வோர் இடுக்கையும் தொட்டாக வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு; பொட்டலமாகக் கட்டிய துணிகளுக்கு இன்னும் கூடுதல் நேரம் தேவைப்படும். மானியில் வெப்பநிலை சரியாகக் காட்டினாலும், துணிப் பொட்டலத்தின் நடுவே காற்று தங்கியிருந்தால் அங்கே நீராவி நுழையாது; அந்த இடத்தில் கிருமிகள் பிழைத்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க 1960-களில் பிரிட்டனில் உருவான போவி-டிக் சோதனைக்குத் தொடக்கத்தில் மடித்து அடுக்கிய பருத்தித் துண்டுகளே பயன்பட்டன. அடுக்கின் நடுவே, வெப்பத்தில் நிறம் மாறும் நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய தாள் வைக்கப்படும். கலனை இயக்கி எடுத்துப் பார்க்கையில் நாடா முழுவதும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் காற்று வெளியேறிவிட்டது என்று பொருள்; நடுப்பகுதி வெளிறியிருந்தால் அன்று அந்தக் கலனைப் பயன்படுத்தக் கூடாது. காற்றை உறிஞ்சி வெளியேற்றும் வகைக் கலன்களில் நாள்தோறும் வேலை தொடங்குமுன் செய்ய வேண்டிய சோதனை இது. இதன் காரணத்தை அறியாமல், சுவிட்சைப் போடவும் அணைக்கவும் மட்டும் பழகிய ஒருவர், அவசரமான நாளில் பொட்டலங்களை நெருக்கித் திணிப்பார். ஈரம் காயாத பொட்டலத்தை அப்படியே அலமாரியில் வைப்பார். ஈரத்துணியின் வழியே வெளியிலுள்ள கிருமி உள்ளே ஊறிச் செல்லும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அதன் விளைவு உடனே தெரிவதுமில்லை. சில நாள் கழித்துத் தையல் போட்ட இடத்தில் சீழ் வைக்கும்போது, அந்தப் பொட்டலத்தை எவரும் நினைவுகூர்வதில்லை.

அடுத்தது எண்ணிக்கை. வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையில் இரத்தத்தை ஒற்றியெடுக்கும் காஸ் துணி, மாப் எனப்படும் பெரிய துணி, ஊசி, கருவி ஆகிய அனைத்தும் தொடங்குமுன் ஒருமுறையும், வயிற்றறையை மூடுமுன் ஒருமுறையும், தோலைத் தைக்கும்போது மீண்டும் ஒருமுறையும் இருவரால் வாய்விட்டு எண்ணப்பட்டுப் பதிவாக வேண்டும். இரத்தத்தில் ஊறிய துணி குடலின் நிறத்தோடு ஒன்றிக் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதாலேயே, அறுவைக்கான துணிகளில் எக்ஸ்-கதிர்ப் படத்தில் தெரியும் இழை ஒன்று சேர்த்து நெய்யப்படுகிறது. இந்த ஒழுங்கு திருப்பூருக்குப் புதிதன்று. ஏற்றுமதி நிறுவனங்களின் தையல் வரிசையில் ஓர் ஊசி முறிந்தால், முறிந்த துண்டுகள் அனைத்தையும் தேடியெடுத்துப் பதிவேட்டில் ஒட்டிய பிறகே டெய்லருக்குப் புது ஊசி தரப்படும். துண்டு ஒன்று குறைந்தாலும் அங்கிருக்கும் துணிகள் ஒதுக்கி வைக்கப்பட்டு உலோகம் காட்டும் கருவியில் சோதிக்கப்படும். யாரோ ஒரு வெளிநாட்டுக் குழந்தையின் தோலில் ஊசிமுனை குத்தக் கூடாது என்பதற்காக இந்நகரம் ஏற்றுக்கொண்ட இந்த ஒழுங்கு, தன் தொழிலாளியின் வயிற்றுக்குள் ஒரு துணி தங்கிவிடாமல் காப்பதற்கும் அதே கண்டிப்போடு வேண்டும் என்று எதிர்பார்ப்பது மிகையாகாது.

இத்தகைய சரிபார்ப்பு உயிர் காக்கும் என்பதற்குச் சான்று உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட 19 அம்ச அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல், மயக்கம் கொடுக்குமுன், கத்தி வைக்குமுன், நோயாளி அரங்கை விட்டு வெளியேறுமுன் என மூன்று கட்டங்களில் அனைவரும் நின்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியவற்றை வகுத்தது. டெல்லி உட்பட 8 நகரங்களின் மருத்துவமனைகளில் இதை நடைமுறைப்படுத்தி ஆராய்ந்தபோது, அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகவும், பெரிய சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7 ஆகவும் குறைந்ததாக 2009-இல் முடிவுகள் வெளியாயின. பட்டியலின் முதற்கட்டத்தில் நோயாளியே தம் பெயரையும் அறுவை நடக்க வேண்டிய இடத்தையும் உறுதிசெய்ய வேண்டும் என்பதைத் திருப்பூர் தனியாகக் கவனிக்க வேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து இங்கே உழைப்பவர்களிடம் அந்தக் கேள்வியை எந்த மொழியில், எப்படிக் கேட்பது என்பதும் இவ்வட்டாரத்துப் பயிற்சியில் இடம்பெற வேண்டிய பாடமே.

2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம், அறுவை அரங்கத் தொழில்நுட்பரையும் மயக்கவியல் தொழில்நுட்பரையும் தன் அட்டவணையில் சேர்த்துக்கொண்டது. துணை மருத்துவத் தொழிலர் எனப்படுவதற்கு, 2 முதல் 4 ஆண்டுகளில் பரவிய, 2,000 மணிநேரத்துக்குக் குறையாத பட்டயமோ பட்டமோ வேண்டும் என்று அது வரையறுக்கிறது. மத்தியப் பதிவேட்டையும் மாநிலக் குழுக்களையும் அமைக்கிறது. முன்பிருந்தே பணியில் இருப்போருக்குத் தற்காலிகப் பதிவுக்கும் வழி வைத்துள்ளது. இச்சட்டத்தின்கீழ் அமைந்த ஆணையம் 2025-இல் வெளியிட்ட பாடத்திட்டங்களுள் மயக்கவியல், அறுவை அரங்குத் தொழில்நுட்பத்துக்கானதும் ஒன்று. பிரிட்டனில் இப்பணியாளர்கள் 2004 முதலே சட்டப் பதிவேட்டில் இருக்கிறார்கள்; பதிவில்லாதவர் அந்தத் தொழிற்பெயரைச் சூட்டிக்கொள்வதே அங்கு குற்றம். அமெரிக்காவில் தேசியத் தேர்வும் சான்றும் இருந்தாலும், அவற்றைச் சட்டப்படி கட்டாயமாக்கியவை சில மாநிலங்களே.

தமிழ்நாட்டில் இப்பணிக்கு வரும் வழிகள் பல. டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அறுவை அரங்கு, மயக்கவியல் தொழில்நுட்ப இளம் அறிவியல் பட்டம் 3 ஆண்டுப் படிப்பும் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியும் கொண்டது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் தியேட்டர் டெக்னீஷியன், மயக்கவியல் டெக்னீஷியன் ஆகிய ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்புகள் நடக்கின்றன. இவற்றுக்கு அப்பால் திறன் மேம்பாட்டுத் திட்டங்களின் குறுகிய பயிற்சிகளும், பதிவு எந்த அமைப்பில் என்று தெரியாத தனியார் நிலையங்களின் சான்றிதழ்களும் உள்ளன. எந்தச் சான்றிதழும் இல்லாமல் மருத்துவமனையில் உதவியாளராகச் சேர்ந்து, மூத்தவரைப் பார்த்துப் பார்த்தே வேலை கற்றவர்களும் இருக்கிறார்கள். சட்டத்தின் ஈராண்டு வரையறையோடு ஒப்பிட்டால், அரசே நடத்தும் ஓராண்டுப் படிப்பை முடித்தவர்கூட அளவுக்குக் கீழே நிற்கிறார். இந்த முரணைத் தீர்க்காமல் பதிவேட்டை மட்டும் திறந்துவைத்தால், நேர்மையாகப் பயின்று பல்லாண்டு உழைத்தவரும் காசு கொடுத்துத் தாள் வாங்கியவரும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுவர்.

அனுபவத்தால் கற்றவர்களைத் தகுதியற்றோர் என்று ஒதுக்குவது அநீதி. சிறு மருத்துவமனைகளின் அரங்குகள் நடப்பதே அவர்களுடைய கைகளால்தான். அதே வேளையில், அனுபவம் மட்டுமே போதும் என்பதும் ஏற்கத்தக்கதன்று, ஏனெனில் தவறான பழக்கமும் அனுபவத்தின் வழியாகவே ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கைமாறுகிறது. எத்தனை அறுவைகளில், எந்த வகை அறுவைகளில், யாருடைய மேற்பார்வையில் உதவினார் என்பதைக் காட்டும் செயற்பதிவேடு; ஆட்டோகிளேவின் முன்னும் மயக்க இயந்திரத்தின் முன்னும் நிறுத்திச் செய்யச் சொல்லிப் பார்க்கும் செய்முறைத் தேர்வு; விடுபட்ட பாடங்களை வேலையை விடாமலே படித்து முடிக்க ஓர் இணைப்புப் படிப்பு; சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய பதிவு ஆகியவை சேர்ந்தால்தான் சான்றிதழ் என்ற சொல்லுக்கு மதிப்பு வரும். எழுத்துத் தேர்வு தமிழிலும் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் விடையெழுத இயலாமை கை நுட்பமின்மைக்கு அடையாளமாகாது.

இதைத் தொடங்குவதற்குத் திருப்பூரில் இடம் இருக்கிறது. 2009-இல் தனி மாவட்டமான இப்பகுதிக்கு 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி கிடைத்தது. இயந்திரத்தில் சிக்கிய விரலோடும் கையோடும் இங்கிருந்து கோவைக்கு விரையும் தொழிலாளருக்கு, அங்குள்ள கங்கா மருத்துவமனை போன்ற நிலையங்கள் கைமீட்பு அறுவையில் நெடுங்காலமாகப் பெயர் பெற்றுள்ளன. 1956-இல் கோவையில் நிறுவப்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம், அறுவை அங்கி, திரைத்துணி உள்ளிட்ட மருத்துவ ஜவுளிகளைச் சோதிக்கும் ஆய்வகத்தைக் கொண்டுள்ளது. 2020-இல் திருப்பூர் நிறுவனங்கள் கொரோனா பாதுகாப்பு உடைகளைத் தைக்கத் தொடங்கியபோது, அவற்றின் துணி செயற்கை இரத்தத்தைத் தடுக்கிறதா என்று பார்த்துச் சான்றளித்தது இக்கழகமே. அங்கித் துணிக்குச் சோதனை வைத்த வட்டாரம், அந்த அங்கியை அணிகிறவரின் திறமைக்கும் சோதனை வைக்க முன்வர வேண்டும். சிறு மருத்துவமனைகளின் பணியாளர்கள் மாலை நேரத்தில் வந்து படிக்கத்தக்க இணைப்புப் படிப்பொன்றை அரசு மருத்துவக் கல்லூரியில் தொடங்குவதை மாநிலக் குழுவும் சுகாதாரத் துறையும் இனியும் தள்ளிப்போடக் கூடாது. தொழிலாளரின் நலனுக்குப் பொறுப்பேற்றுள்ள ஏற்றுமதியாளர் அமைப்புகள் அதற்கான கட்டணத்தில் பங்கேற்க வேண்டும். அறுவைக்கு நாள் குறிக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பமும், மருத்துவரின் பெயரைக் கேட்கும்போதே, அரங்கில் உதவப்போகிற டெக்னீஷியன் எங்கே பயின்றவர் என்பதையும், சரிபார்ப்புப் பட்டியல் அங்கே வாய்விட்டு வாசிக்கப்படுகிறதா என்பதையும் தயங்காமல் கேட்க வேண்டும்.